செட்டி ஜகனும் கயானாவின் அரை நூற்றாண்டு அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டி ஜகன் யார்? ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

கயானாவின் ஜனாதிபதியாக 1992 அக்டோபர் முதல் 1997 மார்ச்சில் இறக்கும் வரை இருந்தவர். நாடு பிரிட்டிஷ் கயானா என்ற பெயரில் பிரிட்டனின் கீழ் இருந்தபோதே 1953, 1957, 1961 ஆகிய மூன்று தேர்தல்களில் தன் கட்சியை வெற்றி பெறச் செய்தவர். 1964-இல் எல்லாக் கட்சிகளையும் விட அதிக வாக்கு வாங்கியும் பதவியை இழந்தார். அதன் பிறகு 28 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசை. படித்த தொழில் பல் மருத்துவம். அவருடைய அரசியல் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள மக்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது மட்டும் போதாது. அந்த வாக்குகளை எந்த விதியின்படி, எந்த இடத்தில், யார் எண்ணினார்கள் என்றும் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கயானா தென் அமெரிக்காவில் இருக்கிறதே, கரீபியத் தலைவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நிலப்படத்தில் தென் அமெரிக்கா. மற்ற எல்லாவற்றிலும் கரீபியம். ஆட்சிமொழி ஆங்கிலம், கிரிக்கெட்டில் வெஸ்ட் இண்டீஸ் அணி, கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் தலைமைச் செயலகம் இருப்பது கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில். பக்கத்தில் இருக்கும் சூரினாம் முன்பு டச்சுக்காரர்களிடம் இருந்தது. பிரெஞ்சு கயானா இன்றும் பிரான்சின் பகுதி. இந்த மூன்றையும், ஆப்பிரிக்காவில் இருக்கும் கினியாவையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அவர் தமிழரா?

இல்லை. பெயரை வைத்துச் சிலர் அப்படி நினைக்கிறார்கள். அவருடைய பாட்டிமார் இருவரும் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்திலிருந்து 1901-இல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தைப் பருவத்தில் அவர்களோடு வந்து சேர்ந்தவர்கள்.

தமிழர் தொடர்பு வேறு வழியில் உண்டு. 1838 முதல் 1917 வரை பிரிட்டிஷ் கயானாவுக்கு வந்த சுமார் 2,39,000 இந்தியர்களில் பெரும்பகுதி கல்கத்தா துறைமுகம் வழியாக வந்தது. சிறு பகுதி சென்னை வழியாக வந்தது. அங்கே அவர்களை 'மதராசி' என்பார்கள். ஜகன் பிறந்த பெர்பிஸ் பகுதியில் மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது. ஜகனின் 1992 அமைச்சரவையில் தகவல் துறையைப் பார்த்த மோசஸ் நாகமுத்து அந்த வம்சாவளியினர். பின்னாளில் அவர் கட்சியை விட்டு விலகி, எதிரணியில் சேர்ந்து 2015 முதல் 2020 வரை பிரதமராகவும் இருந்தார்.

பிறப்பு, குடும்பம், படிப்பு?

1918 மார்ச் 22, போர்ட் மோரன்ட் என்ற கரும்புத் தோட்டம். 11 பிள்ளைகளில் மூத்தவர். அப்பா கரும்பு வெட்டுபவராக இருந்து கங்காணி ஆனவர். அங்கே அந்த வேலைக்கு 'டிரைவர்' என்று பெயர். தோட்டத்துக் கூலிகள் 'லோஜி' எனப்படும் வரிசைக் கொட்டடிகளில் இருந்தார்கள். அவை அடிமைமுறைக் காலத்திலிருந்தே தொடரும் குடியிருப்பு வகை. ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் ஆகிய மூன்று டெஸ்ட் ஆட்டக்காரர்களும் இதே போர்ட் மோரன்ட்காரர்கள்தான்.

உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் பிறகு ஜார்ஜ்டவுனின் குவீன்ஸ் கல்லூரி. 1936-இல் அமெரிக்கா. முதலில் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு, பிறகு சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டு. 1942-இல் பல் மருத்துவப் பட்டம். செலவுக்கு விடுமுறையில் நியூயார்க் ஹார்லெமில் மருந்து விற்றார், சிகாகோவில் லிஃப்ட் இயக்கினார். இடையில் மாலை வகுப்பில் சமூக அறிவியலும் படித்தார். அரசியலுக்கு வித்து அந்த மாலை வகுப்புகளில்தான் விழுந்தது.

ஜேனட் ஜகன் யார்?

சிகாகோவைச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பெண், செவிலியர் மாணவி. இயற்பெயர் ஜேனட் ரோசன்பர்க். 1943 ஆகஸ்டில் திருமணம்; இரு வீட்டாருக்கும் பிடிக்கவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் கயானா வந்து, கணவரின் பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தார். 'செட்டியின் மனைவி' என்று மட்டும் அவரைச் சொல்வது தவறு. கட்சியின் பொதுச் செயலாளராக 20 ஆண்டுகள் அமைப்பைக் கட்டியவர் அவர்தான். கணவர் இறந்த பின் 1997 டிசம்பர் தேர்தலில் வென்று தானே ஜனாதிபதி ஆனார். உடல்நலக் காரணத்தால் 1999 ஆகஸ்டில் விலகினார்.

பல் மருத்துவர் எப்படி அரசியலுக்கு வந்தார்?

தொழிற்சங்கம் வழியாக. 1945-இல் கரும்புத் தொழிலாளர் சங்கமான எம்.பி.சி.ஏ.-வின் பொருளாளர் ஆனார். சங்கத் தலைவர்கள் தோட்ட முதலாளிகளோடு ஒத்துப்போகிறார்கள் என்று கேள்வி கேட்டதால் ஓராண்டுக்குள் அந்தப் பதவி போனது. 1946 நவம்பரில் ஜேனட், ஆஷ்டன் சேஸ், ஜோஸ்லின் ஹபர்ட் ஆகியோருடன் 'அரசியல் விவகாரக் குழு' என்ற சிறு அமைப்பைத் தொடங்கினார். குழுவின் வேலை துண்டுப் பிரசுரம் அச்சடித்துத் தோட்டம் தோட்டமாகக் கொடுப்பது. 1947 நவம்பர் தேர்தலில் மத்திய டெமராரா தொகுதியில் சுயேச்சையாக நின்று சட்டமன்றத்துக்குள் போனார். அப்போது அவருக்கு வயது 29. சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் இருந்தவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது.

எல்லோரும் குறிப்பிடும் என்மோர் துப்பாக்கிச் சூடு என்ன?

1948 ஜூன் 16. ஜார்ஜ்டவுனுக்குக் கிழக்கே என்மோர் கரும்புத் தோட்டத்தில் போலீஸ் சுட்டு 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். லல்லாபாகி, பூரன், ரம்பரன், சுருஜ்பல்லி, ஹாரி என்பவை அவர்கள் பெயர்கள். ஜூன் 16 இன்றும் நினைவு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

வேலைநிறுத்தத்தின் காரணத்தைக் கொஞ்சம் விளக்கினால்தான் கோபம் புரியும். கயானாவின் கரும்பு வயல்களில் சாலை கிடையாது, வாய்க்கால்தான் உண்டு. வெட்டிய கரும்பு 'பண்ட்' என்னும் தட்டையான இரும்புப் படகுகளில் ஏற்றப்படும். கோவேறு கழுதையோ மாடோ அதைக் கரையிலிருந்து இழுத்து ஆலைக்குக் கொண்டுபோகும். பழைய முறையில் வெட்டுபவர் கரும்பை வெட்டிப் போட்டுவிட்டுப் போவார். ஏற்றுவதற்கு வேறு ஆள். 1945-இல் நிர்வாகம் இதை மாற்றி, வெட்டுபவரே ஏற்றவும் வேண்டும் என்றது. நாள் முழுக்க வெட்டிய உடம்போடு, கட்டைத் தலையில் தூக்கி, சேறும் வழுக்கலுமான வாய்க்கால் கரையில் நடந்து, பலகை மேல் ஏறிப் படகுக்குள் போட வேண்டும். இந்த 'வெட்டி ஏற்று' முறையை ஒழிக்க வேண்டும், எங்களுக்குப் பிடித்த சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளுக்காக ஏப்ரல் மாதமே வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது.

மறுநாள் இறுதி ஊர்வலம் என்மோரிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை 25 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே போனது. முன்வரிசையில் ஜகன் தம்பதி. இந்த அமைப்பை ஒழிக்க உழைப்பேன் என்று அந்தக் கல்லறைத் தோட்டத்தில் மனத்துக்குள் உறுதி எடுத்ததாக ஜகன் பிறகு எழுதினார். இரண்டாவது கோரிக்கையை, அதாவது சங்கத்தைத் தொழிலாளரே தேர்ந்தெடுக்கும் உரிமையை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1953-இலும் 1963-இலும் அவர் ஆட்சியை ஆட்டிவைத்த மசோதா அதுதான்.

1953-இல் ஆட்சி 133 நாளில் கலைந்தது ஏன்?

1950 ஜனவரி 1 அன்று மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. ஊர் வழக்கில் பி.பி.பி. ஜகன் தலைவர், ஆப்பிரிக்க வம்சாவளி வழக்கறிஞர் ஃபோர்ப்ஸ் பர்னம் கட்சியின் அவைத்தலைவர், ஜேனட் பொதுச் செயலாளர். வயல்வெளி இந்தியரும் நகரத்து ஆப்பிரிக்கரும் ஒரே கட்சியில் நின்றது அதற்கு முன் நடக்காதது. 1953 ஏப்ரல் 27 அன்று, 21 வயது நிறைந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில், 51% வாக்கும் 24-க்கு 18 இடமும் கிடைத்தன.

மே 30 பதவியேற்பு. ஆளுநருக்கு மறுப்பதிகாரம் இருந்தது, நியமன மேலவை வேறு இருந்தது. அமைச்சர்கள் கையில் அதிகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் புத்தகத் தடைச் சட்டத்தை நீக்கினார்கள், பள்ளிகள் மீது கிறிஸ்தவச் சபைகளுக்கு இருந்த பிடியைத் தளர்த்தப் பார்த்தார்கள். கடைசியாகத் தொழில் உறவு மசோதாவைக் கொண்டுவந்தார்கள்: எந்தச் சங்கத்துக்கு ஆதரவு என்று தொழிலாளரிடையே வாக்கெடுப்பு, வென்ற சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த வாக்னர் சட்டத்தின் சாயல் அது. அக்டோபர் 8 அன்று மசோதா கீழவையில் நிறைவேறியது. அக்டோபர் 9 அன்று அரசியல் சட்டமே முடக்கப்பட்டது. சர்ச்சில் அரசின் போர்க்கப்பல்களும் படையும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டன.

லண்டன் சொன்ன காரணம் கம்யூனிச ஆட்சியமைப்புக்கான சதி, ஜார்ஜ்டவுனை எரிக்கத் திட்டம். எரிப்புத் திட்டத்துக்காக யார் மீதும் வழக்குப் போடப்படவில்லை. ஜகன் தரப்பிலும் பக்குவக் குறைவு இருந்தது. ஆட்சியில் இருந்துகொண்டே எதிர்க்கட்சி மேடைப் பேச்சைத் தொடர்ந்தார்கள்; ஆளுநரோடு ஒவ்வொரு சிறு விஷயத்திலும் மோதினார்கள்.

பிறகு சிறைக்குப் போனாரா?

ஆம். முதலில் ஜகனும் பர்னமும் லண்டனுக்கும், அங்கிருந்து இந்தியாவுக்கும் போய் நேருவைச் சந்தித்தார்கள். 1954-இல் திரும்பியதும் ஜார்ஜ்டவுனை விட்டு வெளியேறக் கூடாது என்று தடை. தடையை மீறி ஜகன் மஹைக்கோனி என்ற ஊருக்குப் போனார். 6 மாதத் தண்டனை. அதே ஆண்டு ஜேனட்டும் சிறை சென்றார்.

பர்னமும் ஜகனும் ஏன் பிரிந்தார்கள்? இனப்பிரச்சினைதானா?

தொடக்கம் தலைமைப் போட்டி. 1953-இலேயே 'தலைவர் நான்தான்' என்று பர்னம் அடம்பிடித்துப் பதவியேற்பைச் சில நாள் தள்ளவைத்தார். நிலைமையை ஆராய வந்த ராபர்ட்சன் ஆணையம் கட்சிக்குள் 'மிதவாதி', 'தீவிரவாதி' என்று கோடு கிழித்துக் காட்ட, 1955 பிப்ரவரியில் கட்சி உடைந்தது. அப்போது இரு பக்கமும் இரு இனத்தவரும் இருந்தார்கள். 1956-இல் ஆப்பிரிக்க வம்சாவளி இடதுசாரிகளான சிட்னி கிங், கவிஞர் மார்ட்டின் கார்ட்டர் போன்றோர் ஜகனை விட்டு விலகினார்கள். பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளை இணைக்கும் வெஸ்ட் இண்டீஸ் கூட்டாட்சியில் சேர ஜகன் தயங்கியது ஒரு காரணம். இந்திய வாக்காளருக்கு அந்தக் கூட்டாட்சி பிடிக்காது என்று அவர் கணக்குப் போட்டதாக அவர்கள் பார்த்தார்கள். 1957 தேர்தலில் 'அப்பன் ஜாத்', அதாவது 'நம்ம ஆளுக்கே ஓட்டு', என்ற முழக்கம் ஊர்களில் காதில் விழத் தொடங்கியது. மேடையில் அதை ஜகன் கண்டித்தார். ஆனால் அது கொண்டுவந்த வாக்குகள் அவருக்கும் விழுந்தன. அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

1957–64 ஆட்சியில் உருப்படியாக என்ன செய்தார்?

நெல்தான் பெரிய விஷயம். கயானாவின் கரையோரம் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் கடற்சுவர், மதகு, வடிகால் மூன்றும் இல்லாமல் ஒரு ஏக்கரும் விளையாது. பிளாக் புஷ் போல்டர் போன்ற திட்டங்கள் சதுப்பை வடித்து விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. அரிசிக்குக் கியூபா சந்தையானது. வாஷிங்டனுக்கு அது உறுத்தியது. சபைகள் நடத்திய 51 பள்ளிகள் அரசின் கைக்கு வந்தன. 1963 அக்டோபரில் கயானா பல்கலைக்கழகம் தொடங்கியது. சொந்தக் கட்டடம் இல்லாமல் குவீன்ஸ் கல்லூரியில் மாலை நேரத்தில் வகுப்பு நடந்ததால் எதிரிகள் 'ஜகனின் இரவுப் பள்ளி' என்று கிண்டல் செய்தார்கள். அங்கே படித்தவர்கள்தான் பிறகு நாட்டின் நிர்வாகத்தை நடத்தினார்கள்.

கென்னடியைச் சந்தித்தபோது என்ன நடந்தது?

1961 ஆகஸ்டில் வென்று பிரீமியர், அதாவது பிரிட்டனின் கீழ் இருந்த அரசின் தலைவர், ஆனதும், அக்டோபர் 25 அன்று வெள்ளை மாளிகையில் சந்திப்பு. உதவிப் பணம் கேட்கப் போனார். அதற்குச் சில நாள் முன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சோவியத் யூனியனை விமர்சிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டபோது நழுவியிருந்தார். கென்னடிக்கு அந்தப் பேட்டி ரசிக்கவில்லை. பணம் வரவில்லை, ஆய்வுக் குழு அனுப்புகிறோம் என்ற வாக்குறுதி வந்தது. சில மாதங்களில் அவரைப் பதவியிலிருந்து அகற்றும் முடிவும் வந்தது. 1962–68 காலத்தில் கயானாவில் ரகசிய நடவடிக்கைகளுக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல் ஒதுக்கியதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டது. கென்னடியின் ஆலோசகராக இருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர் 1990-இல் ஜகனிடம் நேரில் வருத்தம் தெரிவித்தார்.

1962 வரவுசெலவுத் திட்டத்துக்கா ஊர் எரிந்தது?

கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார் வகுத்துக் கொடுத்த வரித்திட்டம். சொத்து வரி, மூலதன ஆதாய வரி, அன்பளிப்பு வரி, மாதம் 100 டாலருக்கு மேல் சம்பாதிப்போருக்குக் கட்டாயச் சேமிப்பு. 1957-இல் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி இந்தியாவில் கொண்டுவந்த சொத்து வரியும் செலவு வரியும் இதே கால்டாரின் யோசனைகள்தான். இலங்கையும் அவரிடம் ஆலோசனை கேட்டது.

வரியில் பெரும்பங்கு பணக்காரர் மேல்தான் விழுந்தது. கட்டாயச் சேமிப்பு மட்டும் நகரத்து அரசு ஊழியரின் சம்பளத்தைத் தொட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர், ஏற்கெனவே சம்பள உயர்வு கேட்டுக் காத்திருந்தவர்கள். வியாபாரிகள், எதிர்க்கட்சிகள், ஊழியர் சங்கங்கள் மூன்றும் ஒரே ஊர்வலத்தில் சேர இந்த ஒரு அம்சம் போதுமானதாக இருந்தது. பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை, ஜார்ஜ்டவுனின் மரக்கட்டடக் கடைவீதி எரிந்தது. ஆட்சியைக் காக்க அதே பிரிட்டிஷ் படையைத்தான் ஜகன் கூப்பிட வேண்டியிருந்தது.

80 நாள் வேலைநிறுத்தம்?

ஜகன் ஆட்சியை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் நடத்தியது, 1963 ஏப்ரல் 20-இல் தொடங்கியது. காரணம் பழைய தொழில் உறவு மசோதாவின் மறுபதிப்பு. அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழியாக வந்தது, அதில் சி.ஐ.ஏ. பணமும் கலந்திருந்தது பின்னர் வெளிப்பட்டது. எரிபொருளும் உணவும் கியூபா, சோவியத் கப்பல்களில் வர வேண்டியதாயிற்று. கடைசியில் ஜகன் மசோதாவைக் கைவிட்டார்.

1964-இல் அதிக வாக்கு வாங்கியும் எப்படித் தோற்றார்? கணக்கைக் காட்டுங்கள்.

முதலில் 1961. தொகுதிக்கு ஒருவர் முறை, 35 தொகுதிகள். பி.பி.பி. 42.6% வாக்கு, 20 இடம். பர்னமின் மக்கள் தேசியக் காங்கிரஸ், அதாவது பி.என்.சி., 41% வாக்கு, 11 இடம். பீட்டர் டி'அகியாரின் யுனைடெட் ஃபோர்ஸ் 16.4%, 4 இடம். ஒன்றரை விழுக்காடு வித்தியாசத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு இடம். பி.பி.பி. 29 தொகுதிகளில் மட்டுமே நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாத் தொகுதிகளிலும் நின்றிருந்தால் மொத்த வாக்கு கூடியிருக்கும்.

1964 டிசம்பர் 7 தேர்தலுக்கு விதி மாறியது. தொகுதிகள் ஒழிந்தன, நாடு முழுவதும் ஒரே தொகுதி, 53 இடம், கட்சிப் பட்டியலுக்கு வாக்கு, வாக்கு விகிதப்படி இடம். 97% வாக்குப்பதிவு.

வாக்கு விழுக்காட்டை 53-ஆல் பெருக்கினால்:

பி.பி.பி. 45.8% → 24.3
பி.என்.சி. 40.5% → 21.5
யுனைடெட் ஃபோர்ஸ் 12.4% → 6.6

முழு எண்களைக் கூட்டினால் 24 + 21 + 6 = 51. மீதி 2 இடம், பின்னம் பெரிதாக இருக்கும் கட்சிகளுக்கு: 0.6 வைத்திருக்கும் யுனைடெட் ஃபோர்ஸுக்கு ஒன்று, 0.5 வைத்திருக்கும் பி.என்.சி.க்கு ஒன்று. முடிவு 24, 22, 7. பெரும்பான்மைக்கு 27 வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 29.

1961-ஐ விட ஜகனின் வாக்கு விகிதம் 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது, ஆட்சி போனது. விகிதாசார முறை தன்னளவில் நியாயமானதுதான். பழைய முறையை விடவும் நியாயமானது என்று வாதிடலாம். அந்த முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் விடை என்ன வரும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் பிரச்சினை. ஜகன் ராஜினாமா செய்ய மறுத்தார். லண்டன் அரசியல் சட்டத்தைத் திருத்தி அவரை நீக்க, டிசம்பர் 14 அன்று பர்னம் பதவியேற்றார்.

அந்த முறைக்கு ஜகனே கையெழுத்துப் போட்டார் என்கிறார்களே?

விகிதாசார முறைக்கு அல்ல. முடிவை பிரிட்டனிடம் விடும் கடிதத்துக்கு. 1963 அக்டோபர் லண்டன் மாநாட்டில் மூன்று விஷயம் தீரவில்லை: வாக்களிக்கும் வயது 18-ஆ 21-ஆ, எந்தத் தேர்தல் முறை, விடுதலைக்கு முன் இன்னொரு தேர்தல் வேண்டுமா. குடியேற்ற அமைச்சர் டங்கன் சாண்டிஸ் தீர்ப்புச் சொல்லட்டும், ஏற்கிறோம் என்று மூன்று கட்சித் தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். மூன்றிலும் தீர்ப்பு ஜகனுக்கு எதிராக வந்தது. அதற்கு முன் ஜூன் மாதமே கென்னடி பிரிட்டன் பிரதமர் மேக்மில்லனிடம் இதைப் பேசி முடித்திருந்தார். ஜகனின் அரசியல் வாழ்வில் மிகப்பெரிய பிழை இந்தக் கையெழுத்துதான். பிரிட்டன் ஒரு நடுவர் என்று அவர் அப்போதும் கொஞ்சம் நம்பியிருந்தார்.

1964-இல் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் இனக்கலவரத்தில் 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 15,000 பேர் ஊர் மாறினார்கள். விஸ்மரில் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு 'சன் சாப்மன்' படகு வெடிப்பில் இறந்தவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அதுவரை கலந்திருந்த பல ஊர்கள் ஒரே இனத்து ஊர்களானது அந்த ஆண்டில்தான்.

1968 முதல் 1985 வரை தேர்தல் மோசடி எப்படி நடந்தது?

ஒவ்வொரு முறையும் புது வழி. 1968-இல் வெளிநாட்டு வாக்காளர் பட்டியல்: 36,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் கடல்கடந்து வந்தன, ஏறக்குறைய எல்லாம் பி.என்.சி.க்கு. பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி முகவரிகளைத் தேடிப் போனபோது, மான்செஸ்டரில் வாக்காளர் வீடு இருக்க வேண்டிய இடத்தில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதோடு பதிலி வாக்கும், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் போடும் வாக்கும், பெருகியது.

1973-இல் ராணுவமே வாக்குப்பெட்டிகளை எடுத்துப்போனது. வாக்குச்சாவடியில் எண்ணாமல் பெட்டியை மையத்துக்குக் கொண்டுபோகும் விதிதான் ஓட்டை: வழியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பெர்பிஸில் பெட்டியோடு நாங்களும் வருவோம் என்று நின்ற பி.பி.பி. ஆதரவாளர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1978 பொது வாக்கெடுப்பில் எதிர்க்கட்சிகள் புறக்கணித்தும் 97% ஆதரவு என்று அறிவித்தார்கள். 1980, 1985 அதே கதை.

கம்யூனிசப் பயத்தால் அமெரிக்கா ஆதரித்த பர்னம்தான் பாக்சைட்டையும் புக்கர்ஸ் நிறுவனத்தின் சர்க்கரையையும் அரசுடைமையாக்கி, பொருளாதாரத்தில் 80% வரை அரசின் கையில் கொண்டுவந்தார். வாஷிங்டன் பணம் கொடுத்து வாங்கிய பலன் அது.

ஜகன் உண்மையில் கம்யூனிஸ்டா?

மார்க்சியவாதி, அதை மறைக்கவில்லை. 1969-இல் மாஸ்கோ மாநாட்டுக்குப் போய்க் கட்சியை மார்க்சிய–லெனினியக் கட்சியாக அறிவித்தார். ஆனால் தேர்தலைத் தவிர வேறு வழியை நாடியதில்லை. ஆட்சியில் இருந்தபோது எந்தப் பெரிய நிறுவனத்தையும் பறித்ததும் இல்லை. இந்த முத்திரையால் அவருக்கு இழப்புதான் அதிகம்.

1992 தேர்தல் மட்டும் எப்படிச் சுத்தமாக நடந்தது?

பர்னம் 1985-இல் இறந்தார். அடுத்து வந்த டெஸ்மண்ட் ஹாய்ட்டுக்கு வெளிநாட்டுக் கடன் தேவை, பனிப்போரும் முடிந்துவிட்டது. 1990-இல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வந்து இரண்டு விஷயத்துக்கு ஒப்புதல் வாங்கினார்: வீடு வீடாகப் போய்ப் புதிய வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடியிலேயே எண்ணிக்கை. பட்டியல் தயாராகத் தேர்தல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தள்ளிப்போனது. எதிர்க்கட்சிகள் பொறுத்துக்கொண்டது சரியான முடிவு.

1992 அக்டோபர் 5 அன்று ஜார்ஜ்டவுனில் தேர்தல் ஆணைய அலுவலகத்தைக் கூட்டம் கல்லெறிந்து தாக்கியது. கார்ட்டரே அங்கே போய் உட்கார்ந்தார், ஆணையத் தலைவர் ரூடி காலின்ஸ் இடத்தை விட்டு நகரவில்லை. ஜகன் அணிக்கு 53.5%, பி.என்.சி.க்கு 42.3%. பதவியேற்பு அக்டோபர் 9. 1953-இல் அரசியல் சட்டம் முடக்கப்பட்ட அதே தேதி, 39 ஆண்டு கழித்து.

ஜனாதிபதியாக எப்படி?

கையில் கிடைத்தது 210 கோடி டாலர் வெளிக்கடன். மக்கள்தொகை ஏழரை லட்சம். ஆளுக்கு 2,800 டாலர் கணக்கு. ஐ.எம்.எஃப். திட்டத்தைத் தூக்கியெறிவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தொடர்ந்தார், வட்டியோடு மல்லுக்கட்டினார். 1996-இல் கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப் கடனில் 67% தள்ளுபடி கொடுத்தது. ஆண்டு வளர்ச்சி 5 முதல் 8%-க்கு மேல் வரை இருந்தது. 1995 ஆகஸ்டில் ஓமாய் தங்கச் சுரங்கத்தின் கழிவணை உடைந்து சயனைடு நீர் ஆற்றில் கலந்தது பெரிய அடி. இனப்பிளவை ஆற்றுவதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பிரதமராக ஆப்பிரிக்க வம்சாவளியினரான சாமுவேல் ஹைண்ட்ஸை வைத்ததால் மட்டும் ஆப்பிரிக்க வாக்காளர் நம்பிக்கை திரும்பவில்லை.

1994-இல் ஒரு வேடிக்கை. 60-களில் அவரைக் கவிழ்த்த தொழிற்சங்க வேலையில் இருந்த ஒருவரையே கயானாவுக்குத் தூதராக அனுப்ப கிளின்டன் அரசு நினைத்தது. ஜகன் பழைய கதையை நினைவூட்ட, பெயர் கைவிடப்பட்டது.

மறைவு?

1997 பிப்ரவரியில் மாரடைப்பு. வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை. மார்ச் 6 அன்று இறந்தார், வயது 78. தகனம் பிறந்த ஊருக்கு அருகே பாபு ஜானில். திமெஹ்ரி விமான நிலையத்துக்கு இப்போது அவர் பெயர். பிரீமியராக அவர் குடியிருந்த ஜார்ஜ்டவுன் 'ரெட் ஹவுஸ்' அவருடைய ஆவணங்களுக்கான ஆய்வு மையமானது.

1964-இல் வந்த விகிதாசார முறை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, சில மாற்றங்களோடு. இப்போது 65 இடம். 25 இடங்கள் 10 பிராந்தியங்களுக்குப் பிரிக்கப்படுகின்றன, 40 தேசியப் பட்டியலுக்கு. அதிக வாக்கு பெற்ற பட்டியலின் வேட்பாளர் ஜனாதிபதி. பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

ஜகன் போராடி வாங்கிய சாவடி எண்ணிக்கைக்கு 2020-இல் சோதனை வந்தது. மார்ச் 2 தேர்தலில் ஜார்ஜ்டவுன் அடங்கிய 4-ஆம் பிராந்தியத்துக்கு அறிவிக்கப்பட்ட கூட்டுத்தொகை, சாவடிக் கதவில் ஒட்டிய எண்ணிக்கைத் தாள்களோடு பொருந்தவில்லை. ஒவ்வொரு கட்சி முகவரிடமும் அந்தத் தாளின் நகல் இருந்தது, பி.பி.பி. தன்னிடம் இருந்ததை இணையத்தில் போட்டது. காரிகாம் பார்வையாளர்கள் முன் எல்லாப் பெட்டிகளும் மீண்டும் எண்ணப்பட்டன: பி.பி.பி. 33, எதிரணி 31, சிறு கட்சிக் கூட்டணி 1. ஐந்து மாத இழுபறிக்குப் பின் ஆகஸ்ட் 2 அன்று பி.பி.பி.யின் இர்ஃபான் அலி ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.